புறக்கோள்களின் ஒழுக்கைக் கணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் ஒழுக்கை, அதாவது சுற்றுப்பாதையை, கணிக்க மட்டக்களப்பில் இருந்தபடியே ஒரு மடிக்கணினியும் பைதன் நிரல்மொழியும் போதும். தரவு நாசாவின் புறக்கோள் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இணைந்த கணிதம் படித்தவருக்குச் சமன்பாடுகளும் கடினமில்லை. கணிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நேரம்தான்.

வானியலில் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் யூலியன் நாள் உலக நேரம் நண்பகலில் மாறும். நமக்கு அது மாலை 5.30. ஓரிரவின் அளவீடுகள் எல்லாம் ஒரே எண்ணில்தான் வர வேண்டும். நள்ளிரவு தாண்டியதும் எண்ணைக் கூட்டினால் மிகுதி அளவீடுகள் ஒரு முழு நாள் தள்ளிப்போகும். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்துசேர்வதும் 8 நிமிடம் வரை முந்தும் அல்லது பிந்தும். ஆகவே நேரத்தைச் சூரியத் தொகுதியின் திணிவு மையத்துக்குத் திருத்துங்கள். அங்கே பயன்படும் நேர அளவு உலக நேரத்தை விட இப்போது சுமார் 69 செக்கன் முன்னே நிற்கிறது, அதையும் சேருங்கள். பைதனின் ஆஸ்ட்ரோபை தொகுப்பு இரண்டையும் செய்து தரும்.

அடுத்தது, சுற்றுக்காலத்தின் வழுவை மறப்பது. 3.5 நாள் சுற்றுக்காலத்தில் 0.0002 நாள், அதாவது 17 செக்கன், வழு இருந்தால் பெரிதாகத் தெரியாது. ஐந்து வருடத்தில் 522 சுற்று. வழு இரண்டரை மணித்தியாலமாகிவிடும். கோள் விண்மீனின் முன்னால் கடந்து முடிந்த பிறகு தொலைகாட்டியைத் திருப்பிப் பயனில்லை. கணித்த நேரத்தோடு வழுவையும் எழுதுங்கள், கடைசியாக அளந்த கடப்பிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

இரவில் மட்டும் அளப்பதால் பொய்யான சுற்றுக்காலமும் முளைக்கும். 55 கான்கிரி விண்மீனின் உட்கோளுக்கு 2004 இல் சுமார் 2.8 நாள் என்றார்கள். ஒன்றை 2.82 ஆல் வகுத்தால் 0.355, விண்மீன் நாளுக்குரிய 1.003 ஐ (ஒரு நாளில் விண்மீன்களைப் பொறுத்துப் பூமி சுழலும் தடவை) கூட்டினால் 1.358, ஒன்றை அதனால் வகுத்தால் 0.736 நாள். 2010 இல் மறுபடி ஆராய்ந்தபோது இதுவே சரியென்று தெரிந்தது, 2011 இல் கடப்பும் பிடிபட்டது. மாரியில் இங்கே வானம் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். அந்த இடைவெளிகளும் சுற்றுக்காலத்தைத் தேடும் வரைபில் இப்படிப் பொய் உச்சங்களைத் தரும். இன்னொரு நெட்டாங்கில் எடுத்த தரவையும் சேர்த்துப் பாருங்கள்.

கோள் ஒழுக்கில் எப்போது எங்கே இருக்கும் என்று தரும் கெப்ளர் சமன்பாட்டைத் தீர்க்கையில் கோணம் ஆரையனில் இருக்கட்டும். எச்டி 80606 என்ற விண்மீனின் கோளுக்கு மையவகற்சித்திறன் (ஒழுக்கு எவ்வளவு நீண்டது என்ற அளவு, வட்டத்துக்குப் பூச்சியம்) 0.93. அப்படிப்பட்ட ஒழுக்கில் நியூற்றன் முறையைச் சராசரிக் கோணத்திலிருந்து (கோள் சீராகச் சுற்றினால் இருக்கும் கோணம்) தொடங்கினால், விண்மீனுக்கு அருகே சமன்பாட்டின் சாய்வு 0.07 வரை சுருங்குவதால் விடை எங்கோ தாவும். π இலிருந்து தொடங்குங்கள், ஒருங்கும்.

மையவகற்சித்திறன் பூச்சியத்துக்குக் கீழே போகாது. அதனால் இரைச்சல் மிகுந்த தரவில் வட்ட ஒழுக்கும் 0.05, 0.1 என்று நீண்டு தெரியும். வழுவின் இரண்டரை மடங்கைத் தாண்டாவிட்டால் வட்டமென்றே வைத்துக் கணியுங்கள்.