நார்தர்ன் லீக்கைப் படித்து அறிவது எப்படி: வடகிழக்கு இங்கிலாந்தின் பழம்பெரும் கால்பந்து லீக்குக்கு ஒரு வழிகாட்டி

பிரீமியர் லீக்கை மட்டும் பார்த்துப் பழகிய ஒருவர், அதற்குக் கீழே எட்டு நிலைகள் இறங்கி ஒரு வட்டார லீக்கின் புள்ளிப்பட்டியலைத் திறந்தால், பெரும்பாலும் பொருள் புரியாத ஊர்ப் பெயர்களின் வரிசையைத்தான் காண்பார். அந்த வரிசைக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறும் கண்டிப்பான ஓர் அமைப்பும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தொடங்க நான் பரிந்துரைப்பது நார்தர்ன் லீக். 1889இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் இந்த லீக், உலகில் இப்போதுள்ள கால்பந்து லீக்குகளில் இரண்டாவது பழமையானது. இதற்கு மூத்தது 1888இல் பிறந்த ஃபுட்பால் லீக் ஒன்றுதான்.

புள்ளிப்பட்டியலைத் திறப்பதற்கு முன் வரைபடத்தை விரித்து வையுங்கள். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் டைன், வியர், டீஸ் என்ற மூன்று ஆறுகள் கிழக்கு நோக்கி ஓடி வட கடலில் கலக்கின்றன. நியூகாசில், சண்டர்லாந்து, மிடில்ஸ்பரோ ஆகிய பெரிய நகரங்கள் இந்த ஆறுகளை ஒட்டியவை. அவற்றுக்கிடையே டர்ஹம் மாவட்டத்தின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்களும் ரயில் பட்டறை ஊர்களும் நெருக்கமாக அமைந்துள்ளன. பிஷப் ஆக்லாந்து, குரூக், வில்லிங்டன், ஷில்டன், ஸ்பென்னிமூர் ஆகிய ஐந்து ஊர்களையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டால் போதும், லீக்கின் பழைய இதயம் எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். இவற்றில் எந்த இரண்டுக்கும் இடையே சில மைல் தூரமே இருக்கிறது. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் கழகங்கள் நின்றுவிடவில்லை. நார்தர்ன் லீக்கின் வரலாற்றில் எடுக்கப்பட்ட பெரிய முடிவுகள் அனைத்திலும் பயணத் தூரமும் அதற்கு ஆகும் செலவும் உள்ளே இருந்தன என்பதே என் கருத்து. ஆகவேதான் வரைபடத்தை முதலில் சொன்னேன்.

அடுத்து, தொடக்கக் காலத்தைப் படிக்க வேண்டும். 1880களில் கழகங்கள் தங்களுக்குள் பேசி நட்பு ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொண்டன. ஒப்புக்கொண்ட நாளில் எதிரணி வராமல் போவது சாதாரணமாக நடந்தது. குறித்த நாளில் குறித்த ஆட்டம் நடந்தே தீரவேண்டும் என்ற தேவையிலிருந்துதான் லீக் என்ற எண்ணமே பிறந்தது. டார்லிங்டன் கழகத்தின் செயலாளர் சார்ல்ஸ் கிரேவன் முன்னெடுத்த கூட்டம் 1889 மார்ச்சில் டர்ஹம் நகரில் கூடி, நார்தர்ன் லீக்கை உருவாக்கியது. முதல் பருவத்தில் பத்துக் கழகங்கள் ஆடின. டார்லிங்டன் செயின்ட் அகஸ்டின்ஸ் முதல் சாம்பியன் ஆனது.

அந்தப் பத்தில் நியூகாசில் ஈஸ்ட் எண்ட், நியூகாசில் வெஸ்ட் எண்ட் என்று இரண்டு பெயர்கள் வரும். 1892இல் வெஸ்ட் எண்ட் கலைந்தபோது அதன் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தை ஈஸ்ட் எண்ட் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டு இறுதியில் நியூகாசில் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மிடில்ஸ்பரோவும் தொடக்க உறுப்பினர்தான். அதே நகரிலிருந்து பின்னர் வந்த மிடில்ஸ்பரோ அயர்னோபொலிஸ் 1891, 1892, 1893 என்று தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்று, ஃபுட்பால் லீக்கில் ஒரே ஒரு பருவம் ஆடி, 1894இல் கலைந்துபோனது. தொழில்முறை ஆட்டத்தின் செலவைத் தாங்க முடியாத கழகத்தின் கதி என்ன என்பதை வட்டாரம் அப்போதே கண்ணால் கண்டுவிட்டது.

தொழில்முறைக் கழகங்கள் விலகிய பின் நார்தர்ன் லீக் அமெச்சூர் கால்பந்தின், அதாவது ஊதியம் பெறாமல் ஆடுவோரின் கால்பந்தின், கோட்டையாக மாறியது. இந்தப் பகுதியில் நீங்கள் நிதானமாக நேரம் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. 1893-94இல் தொடங்கி 1974 வரை நடத்திய அமெச்சூர் கோப்பையின் வெற்றியாளர் பட்டியலை எடுத்து, அதில் வடகிழக்கு ஊர்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பிஷப் ஆக்லாந்து பத்து முறை வென்றிருக்கிறது. அவற்றில் 1955, 1956, 1957 ஆகியவை தொடர்ச்சியானவை. குரூக் டவுன் ஐந்து முறை வென்றது. வில்லிங்டன் 1950இல் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் பிஷப் ஆக்லாந்தை 4-0 என்று வீழ்த்தியது. 1954 இறுதி ஆட்டம் தனியே படிக்கத் தக்கது. குரூக்கும் பிஷப் ஆக்லாந்தும் ஏறத்தாழ ஐந்து மைல் இடைவெளியில் உள்ள ஊர்கள். அந்த இரு கழகங்களும் வெம்ப்ளியில் மோதியதைக் காண 1,00,000 பேர் திரண்டனர். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. நியூகாசிலில் நடந்த மறு ஆட்டமும் 2-2. மிடில்ஸ்பரோவில் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் குரூக் 1-0 என்று வென்றது. இன்று சில நூறு பேர் கூடும் மைதானத்தைப் பார்த்து இந்த லீக்கை எடைபோட முடியாது என்பதற்கு இந்த மூன்று ஆட்டங்களே போதிய சான்று.

1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் தன் வீரர்களை இழந்து நின்றபோது, பிஷப் ஆக்லாந்தின் பாப் ஹார்டிஸ்டி, டெரெக் லூவின், வாரன் பிராட்லி ஆகியோர் உதவிக்குச் சென்றனர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுள் பிராட்லி பின்னர் இங்கிலாந்து தேசிய அணிக்கும் ஆடினார். அமெச்சூர் கழகம் ஒன்று நாட்டின் முன்னணிக் கழகத்துக்குக் கைகொடுத்த இந்த நிகழ்ச்சியை, எத்தனை முறை படித்தாலும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

1974இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவினையை எஃப்.ஏ. ஒழித்தது. அதன்பின் நடந்ததைப் புரிந்துகொண்டால்தான் இன்றைய அமைப்பு விளங்கும். 1979இல் ஃபுட்பால் லீக்குக்குக் கீழே நாடு தழுவிய ஒரு லீக் அமைக்கப்பட்டது. வட்டார லீக்குகள் அதன் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக, வென்றவர் ஏறவும் தோற்றவர் இறங்கவும் கூடிய பிரமிடாக இணையத் தொடங்கின. நார்தர்ன் லீக் அதில் சேர மறுத்தது. 1968இல் தொடங்கப்பட்ட நார்தர்ன் பிரீமியர் லீக்குக்குக் கீழே போய் அமர்வது, 1889இல் பிறந்த லீக்குக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. நாட்டின் மேற்குப் பக்கத்திலுள்ள லங்காஷயருக்கும் செஷயருக்கும் வாராவாரம் பேருந்தில் போய்வர விரும்பாத கழகங்களும் இருந்தன. இறுதியில் 1991இல்தான் லீக் பிரமிடுக்குள் வந்தது. அந்த இடைவெளியில் 1988இல் பிஷப் ஆக்லாந்து போன்ற பெரிய கழகம் விலகியிருந்தது. 1978இல் ஸ்டோக் சிட்டியை வென்று எஃப்.ஏ. கோப்பையின் ஐந்தாம் சுற்றுவரை சென்ற பிளைத் ஸ்பார்டன்ஸ் 1994இல் விலகியது. லீக்கின் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது என்பதை ஏற்கிறேன். ஆயினும் அது பெரிய தவறு என்றே கருதுகிறேன், ஏனெனில் காத்திருந்த ஆண்டுகளில் மற்ற லீக்குகள் மேலே இடம்பிடித்துவிட, பழமையில் இரண்டாவதான லீக் ஒன்பதாம் நிலையில் வந்து நின்றது.

நிலைகளை எண்ணும்போது பலர் தடுமாறுவது இரண்டு வகை எண்கள் புழங்குவதால்தான். பிரீமியர் லீக்கை ஒன்று என்று வைத்துக் கீழ்நோக்கி எண்ணுவது ஒரு முறை. பிரீமியர் லீக்கும் ஃபுட்பால் லீக்கும் சேர்ந்த மேல் நான்கு நிலைகளுக்கு வெளியே உள்ள அமைப்பை மட்டும் எடுத்து, நேஷனல் லீக்கை முதல் படியாகக் கொண்டு எண்ணுவது எஃப்.ஏ.வின் முறை. படி எண்ணுடன் நான்கைக் கூட்டினால் நிலை எண் கிடைத்துவிடும். நேஷனல் லீக் முதல் படி, ஐந்தாம் நிலை. நேஷனல் லீக் நார்த், சவுத் இரண்டாம் படி. நார்தர்ன் பிரீமியர் லீக்கின் மேல் பிரிவு மூன்றாம் படி, அதன் கீழ்ப் பிரிவுகள் நான்காம் படி. நார்தர்ன் லீக்கின் முதல் பிரிவு ஐந்தாம் படி, அதாவது ஒன்பதாம் நிலை. இரண்டாம் பிரிவு ஆறாம் படி, பத்தாம் நிலை. அதற்கும் கீழே நார்தர்ன் அலையன்ஸ், வியர்சைட் லீக், நார்த் ரைடிங் லீக் ஆகியவற்றிலிருந்து கழகங்கள் மேலேறி வருகின்றன. நார்தர்ன் லீக், நார்தர்ன் பிரீமியர் லீக், நார்தர்ன் அலையன்ஸ் ஆகிய மூன்றும் வெவ்வேறு அமைப்புகள் என்பதை மனத்தில் பதியவைத்துக்கொண்டால் செய்திகளைப் படிக்கும்போது பாதிக் குழப்பம் தீரும்.

இனிப் புள்ளிப்பட்டியலுக்கு வரலாம். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று, புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் என்பவை உங்களுக்குத் தெரிந்தவையே. முதல் பிரிவின் சாம்பியன் நேரடியாக மேலேறுகிறது. 2022-23 முதல் இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடம்வரை உள்ள நான்கு கழகங்கள் பிளே ஆஃப் ஆடி இன்னொரு இடத்தைத் தீர்மானிக்கின்றன. ஆட்டத்தில் வென்றால் மட்டும் போதாது: மின்விளக்கு, பார்வையாளர் இருக்கை, சுற்றுச்சுவர் போன்றவற்றை எஃப்.ஏ. ஆய்வு செய்து, மேல்படிக்குரிய தரம் மைதானத்துக்கு இருக்கிறதா என்று பார்க்கும். அதோடு, பருவம் முடிந்தபின் தூரக் கணக்கை வைத்து ஒரு கழகத்தை ஒரே படியில் உள்ள வேறு லீக்குக்கு மாற்றவும் எஃப்.ஏ.வுக்கு அதிகாரம் உண்டு. எனவே மே மாதத்தில் வெளியாகும் புதிய பிரிவுப் பட்டியலைப் பார்க்காமல், அடுத்த பருவத்தில் யார் எங்கே ஆடுவார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். பெருந்தொற்றால் 2019-20 பருவம் செல்லாததாக்கப்பட்டது, 2020-21 பாதியில் நின்றது. அந்த இரண்டு ஆண்டுகளின் பட்டியல்களை மற்றவற்றோடு ஒப்பிடாதீர்கள்.

பழைய பட்டியல்களை ஒப்பிடும்போது கழகங்களின் பெயர்களைக் கவனமாகப் பின்தொடர வேண்டும். ஸ்பென்னிமூர் யுனைடெட் 2005இல் கலைந்தது. ஈவன்வுட் டவுன் என்ற கழகம் அந்த ஊருக்கு இடம்பெயர்ந்து ஸ்பென்னிமூர் டவுன் ஆயிற்று. டார்லிங்டன் 2012இல் நிதி நெருக்கடியால் பல படிகள் கீழே தள்ளப்பட்டு, தான் தொடங்கிவைத்த லீக்குக்கே திரும்பிவந்து, பிஷப் ஆக்லாந்தின் மைதானத்தில் ஆடி, 2012-13இல் சாம்பியனாகி மேலேறியது. அந்தப் பருவத்தில் இரண்டாம் இடம் பெற்ற ஸ்பென்னிமூர் டவுன், வெம்ப்ளியில் எஃப்.ஏ. வேஸ் கோப்பையை வென்றது.

எஃப்.ஏ. வேஸ் என்பது ஐந்தாம், ஆறாம் படிக் கழகங்களுக்கான நாடு தழுவிய நாக் அவுட் போட்டி. இந்த லீக்கின் உண்மையான தரத்தை அறிய விரும்புவோர் இதைத்தான் பார்க்க வேண்டும். விட்லி பே 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று முறையும், டன்ஸ்டன் யுடிஎஸ் 2012இலும், ஸ்பென்னிமூர் டவுன் 2013இலும் வென்றதால், ஐந்து ஆண்டுகள் கோப்பை இந்த லீக்கை விட்டு வெளியே போகவே இல்லை. பின்னர் நார்த் ஷீல்ட்ஸ் 2015, மார்பெத் டவுன் 2016, சவுத் ஷீல்ட்ஸ் 2017 என்று மறுபடியும் மூன்று. 2020ஆம் ஆண்டுக்குரிய இறுதி ஆட்டம் 2021 மே மாதம் பார்வையாளர் இல்லாமல் நடந்தபோது இரு தரப்பும் இந்த லீக்கின் கழகங்களே. ஹெப்பர்ன் டவுன் 3-2 என்று கான்செட்டை வென்றது. ஒன்பதாம் நிலை என்ற எண்ணுக்கும் களத்தில் தெரியும் தரத்துக்கும் உள்ள இடைவெளி, 1991வரை காத்திருந்ததன் நீண்ட நிழல் என்றே நான் வாசிக்கிறேன். மேலேறத் தகுதியிருந்தும் பயணச் செலவுக்கு அஞ்சி இங்கேயே தங்கிய கழகங்கள் பல ஆண்டுகள் லீக்கின் மேல்பகுதியை வலுவாக வைத்திருந்தன.

இப்போது ஒரு பருவத்தைப் பின்தொடரத் தொடங்குங்கள். ஆகஸ்டில் எஃப்.ஏ. கோப்பையின் கூடுதல் தொடக்கச் சுற்றில் இந்தக் கழகங்களைக் காணலாம். சிறிய கழகத்துக்கு அங்கே கிடைக்கும் பரிசுத்தொகை அந்த ஆண்டின் வரவுசெலவையே மாற்றக்கூடியது. சனிக்கிழமை ஆட்டங்கள் அங்கே பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும். இந்திய, இலங்கை நேரப்படி கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. லீக்கின் இணையதளத்தில் முடிவுகள் அன்றே கிடைக்கும். பல கழகங்கள் கோல்களின் காணொளியையும் வெளியிடுகின்றன. மழையும் உறைபனியும் டிசம்பர், ஜனவரி ஆட்டங்களைத் தள்ளிப்போடுவதால், குளிர்காலப் பட்டியலில் ஒவ்வொரு கழகமும் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறது என்ற பத்தியை முதலில் பாருங்கள். தள்ளிப்போன ஆட்டங்கள் ஏப்ரல் வார நாட்களில் குவியும்போது, தலைமையில் இருந்த அணி களைத்துச் சரிவது உண்டு.

பின்தொடர ஒரு கழகத்தைத் தேர்ந்தெடுப்பதானால் வெஸ்ட் ஆக்லாந்து டவுனைச் சொல்வேன். 1909இல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த சர் தாமஸ் லிப்டன் கோப்பையை வென்ற இந்தச் சுரங்க ஊர் அணி, 1911இல் மறுபடியும் சென்று இறுதியில் யுவென்டஸை 6-1 என்று தோற்கடித்தது. பயணக் கடனை அடைக்கக் கோப்பையையே அடகு வைத்த கழகம் அது. 1960இல்தான் அதை மீட்டது. 1994இல் அசல் கோப்பை திருடுபோய்விட, இன்று ஊரில் இருப்பது அதன் நகல். வேஸ் இறுதி ஆட்டத்துக்கு 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் வெம்ப்ளிவரை சென்று இரு முறையும் தோற்றது. அடுத்த சனிக்கிழமை அந்தக் கழகத்தின் ஆட்ட முடிவிலிருந்தே தொடங்கலாம்.