மருந்துக்கடை வைத்து மாளிகை கட்ட முடியுமா? இலக்கியக் கட்டுரைக்குள் வரலாற்றைக் கொண்டுவருவது எப்படி

எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது அமெரிக்க இலக்கியத் தாளுக்கு ஓர் அசைன்மென்ட் வந்தது. ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை அதன் காலத்தோடு சேர்த்துப் பார்த்து ஐந்து பக்கம் எழுத வேண்டும். நான் கொடுத்தது ஒரு கட்டுரையே இல்லை, இரண்டு அரைக் கட்டுரைகள். முதல் இரண்டரைப் பக்கம் அமெரிக்க வரலாறு, அடுத்த இரண்டரைப் பக்கம் கதைச்சுருக்கம், நடுவில் ‘இந்தப் பின்னணியில்தான்’ என்று ஒரு ஒட்டு. இருபதுக்கு ஒன்பது மார்க். திருத்தி எழுத இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அந்த இரண்டாம் தடவை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாவலைப் படித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். படம் மட்டும் பார்த்தவர்கள் படித்துவிட்டு வாருங்கள். மொத்தமே ஒன்பது அத்தியாயம்தான்.

படி 1: உறுத்தும் ஒரு வரியைப் பிடியுங்கள்

‘நவீனத்துவமும் அமெரிக்க வரலாறும்’ என்று தலைப்புப் போட்டால் ஐந்து பக்கம் முன்னுரைக்கே பத்தாது. நாவலில் உங்களுக்குப் புரியாமல் போன ஒரு வரியிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அது ஆறாம் அத்தியாயத்தில் கிடைத்தது. கேட்ஸ்பிக்கு நிறைய மருந்துக்கடைகள் உண்டு, அவனே வளர்த்தெடுத்தவை என்கிறாள் அவன் காதலிக்கும் டெய்சி. படித்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணன் முப்பது வருடமாகக் கடை நடத்துகிறார், இன்னமும் அதே டிவிஎஸ் 50தான். இவனுக்கு மட்டும் எப்படி மாளிகை?

ஏழாம் அத்தியாயத்தில் பிளாசா ஹோட்டல் அறையில் டெய்சியின் கணவன் டாம் போட்டு உடைக்கிறான். கேட்ஸ்பியும் அவன் கூட்டாளி உல்ஃப்ஷைமும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் சந்துபொந்துகளில் இருந்த மருந்துக்கடைகளை வாங்கிப் போட்டு, கவுன்டரிலேயே சாராயம் விற்றார்களாம். சரி, அதற்கு ஏன் மருந்துக்கடை? இந்தக் கேள்வி போதும், கட்டுரை கிடைத்துவிட்டது.

படி 2: அந்த வரிக்கு வேண்டிய வரலாறு மட்டும்

மதுவிலக்கைக் கொண்டுவந்த 18ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1919 ஜனவரியில் ஏற்கப்பட்டு, 1920 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. அதைச் செயல்படுத்த எழுதப்பட்ட வோல்ஸ்டெட் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது: டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி வாங்கலாம். அதாவது, நாடு முழுக்க மது தடை செய்யப்பட்டிருந்தபோதும் மருந்துக்கடைக்குள் அது சட்டப்படியே வந்து போனது. டெய்சியின் வரி புரிய இவ்வளவு தெரிந்தால் போதும். ஜாஸ் இசை, பெண்களுக்கு வாக்குரிமை, ஃபோர்டு கார் எல்லாம் நல்ல விஷயங்கள்தான். உங்கள் வரிக்கு அவை தேவைப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

குறிப்பெடுக்க நான் பயன்படுத்துவது கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம். ஒரு தாளில் ஒரு செய்தி, மேலே வலது மூலையில் வருடம். ஐந்து பக்க அசைன்மென்டுக்கு ஸோட்டெரோ போன்ற, குறிப்புகளைச் சேகரித்து வைக்கும் மென்பொருள் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் அதிலேயே ஒரு வாரம் போய்விடும். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் கற்றுக்கொள்ளட்டும். நாவலின் பதிப்புரிமை முடிந்து, அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 முதல் அது பொதுச்சொத்து. இலவச மின்னூல் தளமான புராஜெக்ட் குட்டன்பர்க்கில் முழு நூலும் இருக்கிறது. ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேட அதைவிட வசதி வேறில்லை. பக்க எண் மட்டும் உங்கள் அச்சுப் பிரதியிலிருந்து எடுங்கள். அந்தக் காலச் செய்தித்தாள் வேண்டுமென்றால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ‘க்ரானிக்ளிங் அமெரிக்கா’ தளம் இலவசம். ரெடிமேட் நோட்ஸ் தளங்கள் பக்கமே போகாதீர்கள். வகுப்பில் பாதிப் பேர் அதே வாக்கியத்தை எழுதியிருப்பார்கள், ஆசிரியரும் அதைப் படித்திருப்பார்.

படி 3: வருடச் சோதனை

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். என் முதல் கட்டுரை, ஃபிட்ஸ்ஜெரால்ட் ‘அமெரிக்கக் கனவு’ (உழைத்தால் யாரும் உயரலாம் என்ற நம்பிக்கை) என்ற சொற்றொடரை எடுத்துக்கொண்டு அதைக் கேள்வி கேட்கிறார் என்று ஆரம்பித்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ‘எந்த வருடம்?’ என்று மட்டும் எழுதியிருந்தார் ஆசிரியர். எனக்குப் புரியவே இல்லை. அப்புறம் தேடிப் பார்த்தால், அந்தத் தொடரைப் பரவலாக்கியவர் ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ், 1931இல். நாவல் வந்தது 1925இல். நாவலுக்குள் அந்தத் தொடர் ஓரிடத்திலும் இல்லை. பின்னால் வந்த வாசகர்கள் ஒட்டிய லேபிளை ஆசிரியரின் சட்டைப்பையில் போட்டிருந்தேன். போதாக்குறைக்கு 1929 பங்குச்சந்தைச் சரிவையும் ‘பின்னணி’ என்று எழுதிவைத்திருந்தேன்!

இப்போது செய்வது இது. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுகிறேன்: 1922க்கு முன், 1922 முதல் 1925 வரை, 1925க்குப் பின். 1922 எங்கிருந்து வந்தது என்றால், நான்காம் அத்தியாயத்தில் விருந்தாளிகளின் பெயரைக் கதைசொல்லி நிக் ஒரு பழைய ரயில் அட்டவணையின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறான். அந்த அட்டவணையிலேயே 1922 ஜூலை 5 என்று தேதி இருக்கிறது. ஆக, கதை நடப்பது 1922 கோடையில், புத்தகம் வந்தது 1925 ஏப்ரலில். இரண்டும் இரண்டு கடிகாரம்.

இதன் பலன் டாமிடம் தெரியும். முதல் அத்தியாயத்தில் வெள்ளையினம் மூழ்கப்போகிறது என்று ஒரு புத்தகத்தைச் சொல்லிப் புலம்புகிறான். அது 1920இல் லோத்ராப் ஸ்டாடர்ட் வெளியிட்ட இனவாத நூலை நினைவூட்டும் கற்பனைப் பெயர். குடியேற்றத்துக்கு ஒதுக்கீடு வைத்த முதல் சட்டம் 1921இல் வந்தது. அதைவிடக் கடுமையான சட்டம் 1924இல் வந்தது; ஒவ்வொரு நாட்டுக்குமான ஒதுக்கீட்டை, 1890 மக்கள்தொகைக் கணக்கில் அந்த நாட்டில் பிறந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் இருந்தார்களோ அதில் 2 சதவீதமாகக் குறுக்கியது. 1924 சட்டத்தை டாமின் பேச்சுக்குக் காரணமாக எழுதினால் தவறு. டாம் மாதிரி ஆட்களின் பேச்சு சட்டமாகிவிட்ட பிறகு, அதைப் படிக்கப்போகும் வாசகர்களுக்காக வெளிவந்த நாவல் என்று எழுதினால் சரி. இந்த ஒரு வித்தியாசத்துக்கே மார்க் உண்டு.

(வருடத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டும் சறுக்கியிருக்கிறார். சிறுவன் கேட்ஸ்பி தன் தினசரி அட்டவணையை ‘ஹாப்அலாங் காசிடி’ புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 1906 என்று தேதி போட்டு எழுதிவைத்திருப்பான். அந்தப் புத்தகம் வந்ததே 1910இல்தான். எனக்கு இதில் அற்ப சந்தோஷம்.)

படி 4: சொல்லும் விதத்தில் வரலாற்றைத் தேடுங்கள்

இங்கேதான் நவீனத்துவம், அதாவது கதையை நேராகச் சொல்லாமல் உடைத்துச் சொல்லும் அந்தக் கால எழுத்துமுறை, வருகிறது. ‘சிதைந்த காலவரிசை, நம்பகமற்ற கதைசொல்லி’ என்று பட்டியல் போட்டு நகராதீர்கள். கேட்ஸ்பியின் தொழிலை நாவல் எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். காட்டவே இல்லை! மூன்றாம் அத்தியாயத்தில் வதந்தி: ஆளைக் கொன்றவன், ஜெர்மன் ஒற்றன். அதே விருந்தில் சிகாகோவிலிருந்து ஒரு போன், பிறகு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒன்று. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவன் செத்த பிறகும் சிகாகோவிலிருந்து ஒரு குரல், கவுன்டரில் கடன்பத்திரங்களை நீட்டும்போது ஓர் ஆள் மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குப் பாதிப் பேச்சாகத்தான் கேட்கிறது. சட்டம் ஒரு வியாபாரத்தை மறைவுக்குத் தள்ளினால் அந்த வியாபாரத்தைப் பற்றிய பேச்சும் இப்படித்தான் இருக்கும்.

படி 5: ஒற்றை வாக்கியம்

தீசிஸ் ஸ்டேட்மென்டில், அதாவது கட்டுரையின் மைய வாதத்தைச் சொல்லும் வாக்கியத்தில், வரலாறு, வரி, வடிவம் மூன்றும் இருக்க வேண்டும். என் பழைய வாக்கியம்: ‘இந்நாவல் 1920களின் சமூகத்தைப் பிரதிபலிக்கிறது.’ எந்த நாவலுக்கும் பொருந்தும். புதியது: ‘மதுவிலக்கு கேட்ஸ்பியின் வியாபாரத்தை மருந்துக்கடைக்குள் ஒளித்தது போலவே, நாவலும் அவன் பணத்தின் கதையை வதந்திக்குள்ளும் அறுந்துபோகும் தொலைபேசிப் பேச்சுக்குள்ளும் ஒளிக்கிறது.’ இதற்கு எதிராக ஒருவர் வாதாட முடியும், அதனால்தான் இது தேறும். ஒவ்வொரு பாராவும் நாவலின் வரியில் தொடங்கட்டும், வரலாறு இரண்டாவது மூன்றாவது வாக்கியத்தில் வரட்டும். முடிவுரை, எழுத்துப்பிழை எல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்சேர்க்கை 1: ‘குடிப்பது சட்டவிரோதம் என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார்’ என்று ஒரு தோழி கேட்டிருந்தார். அடித்தது சரிதான். 18ஆவது திருத்தம் தடுத்தது மது தயாரிப்பது, விற்பது, கொண்டுசெல்வது, ஏற்றுமதி இறக்குமதி செய்வது. குடிப்பதை அது குற்றமாக்கவில்லை. கேட்ஸ்பியின் விருந்தாளிகள் கையில் கிளாஸோடு கவலையில்லாமல் நிற்பதும், ஆபத்து முழுக்க அவன் தலையில் விழுவதும் இதை வைத்துப் பார்த்தால் இன்னும் துலங்கும். அவருடைய அடுத்த டிராஃப்டில் இதுவே ஒரு பாராவாகிவிட்டது.

பின்சேர்க்கை 2: உல்ஃப்ஷைமை வைத்து எழுதலாமா என்று இருவர் கேட்டார்கள். தாராளமாக. அவன் செய்ததாக நாவல் சொல்லும் 1919 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பால் இறுதிப் போட்டி) சூதாட்டம் நிஜம். வழக்கை எதிர்கொண்ட சிகாகோ வைட் சாக்ஸ் ஆட்டக்காரர்களை 1921இல் நீதிமன்றம் விடுவித்தது, ஆனாலும் எட்டுப் பேருக்கு ஆயுள் தடை விழுந்தது. உல்ஃப்ஷைமுக்கு முன்மாதிரி என்று சொல்லப்படுபவர் நியூயார்க் சூதாட்டக்காரர் ஆர்னால்ட் ராத்ஸ்டீன். ‘முன்மாதிரி’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் ராத்ஸ்டீனின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார். படிக்க நன்றாகத்தான் இருந்தது, அதில் நாவலைத்தான் காணோம்.