மோசடி எஸ்எம்எஸ்: லிங்க்கைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

வங்கியின் பெயரில் வந்திருக்கிறது, பழைய உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே நிற்கிறது என்பதற்காக ஒரு எஸ்எம்எஸ்ஸை நம்பாதீர்கள். அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்ப முடியும். பெயர் ஒன்றாக இருந்தால் போன் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். அனுப்பியது யார் என்று அது சோதிப்பதில்லை.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, மெசேஜ் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். கணக்கு இன்றிரவு முடங்கும், பார்சல் திரும்பிப் போகும், அபராதம் கூடும் என்று அவசரப்படுத்தி, கூடவே ஒரு லிங்க்கோ போன் நம்பரோ கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பார்சல் மெசேஜில் கேட்கும் தொகை பெரும்பாலும் அற்பமாக இருக்கும். அந்தச் சில்லறை மோசடிக்காரர்களுக்குப் பொருட்டல்ல. அதைக் கட்ட நீங்கள் டைப் செய்யும் கார்டு விவரம்தான் குறி.

லிங்க்கை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிட்டு, அடுத்த ஒற்றைச் சாய்கோட்டை (/) தேடுங்கள். அதற்கு முன்னால் ஒட்டி நிற்கும், புள்ளியால் பிரிந்த கடைசி இரண்டு துண்டுகள்தான் (சில நாட்டு முகவரிகளில் மூன்று) தளம் யாருடையது என்று சொல்லும். உண்மையான முகவரி ‘உங்கள்வங்கி.காம்’ என்று வைத்துக்கொள்வோம். ‘உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு.டாப்/’ என்பது ‘சரிபார்ப்பு.டாப்’ தளம், முன்னால் உள்ள வங்கிப் பெயர் வெறும் ஒப்பனை. ‘உங்கள்வங்கி-உதவி.காம்’ என்பதும் முற்றிலும் வேறு தளமே. பூட்டுச் சின்னம் இருந்தாலும் ஏமாறாதீர்கள். தகவல் வழியில் திருடுபோகாது என்று மட்டுமே அதற்குப் பொருள், மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்றல்ல. சுருக்கிய லிங்க்கில் இதையெல்லாம் பார்க்கவே முடியாது, திறக்காதீர்கள். விஷயம் உண்மையா என்று தெரிய வேண்டுமென்றால் வங்கியின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள், அல்லது கார்டின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

பலரும் சிக்குவது ஓடிபியில்தான். போலிப் பக்கத்தில் நீங்கள் பாஸ்வேர்டு போட்ட அதே நிமிடம், மோசடிக்காரர் அதை உண்மையான தளத்தில் போடுகிறார். உடனே உங்களுக்கு வரும் ஓடிபி நிஜமாகவே வங்கி அனுப்பியது. அதனால்தான் நம்பிக்கை வந்துவிடுகிறது. எண்ணை மட்டும் பார்த்து நகலெடுக்காமல், அது எதற்கான ஓடிபி, எவ்வளவு தொகைக்கு என்று அந்த வரியை முழுக்கப் படியுங்கள்.

தெரியாத எண்ணுக்குப் பதில் அனுப்பாதீர்கள், ‘நிறுத்து’ என்றுகூட. ஐபோனில் அறியாதவர் ஐமெசேஜில் அனுப்பும் லிங்க் முடக்கப்பட்டிருக்கும். பதில் போட்டால் அது வேலை செய்யத் தொடங்கும். அதற்காகவே ‘ஒய் என்று பதில் அனுப்புங்கள்’ என்பார்கள்.

ஏற்கெனவே தொட்டுவிட்டீர்களா? பக்கம் திறந்ததோடு சரி, எதையும் டைப் செய்யவில்லை, இறக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள், பெரும்பாலும் ஆபத்தில்லை. கார்டு விவரம் கொடுத்திருந்தால் முதலில் கார்டை முடக்குங்கள், புகார் பிறகு. பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டு உள்ள மற்ற கணக்குகளிலும். ஆப் ஏதாவது நிறுவியிருந்தால் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்; பிறகு வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். அந்த ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி இருந்தால் ஓடிபிகள் நேராக அவர்களுக்குப் போகும். ஆப்பை நீக்க முடியாமல் அடம்பிடித்தால் ஃபேக்டரி ரீசெட் செய்வதே (போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவதே) பாதுகாப்பு.

சில நாட்கள் கழித்து, ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று ஒரு மெசேஜ் வரலாம். அதுவும் மோசடிதான், ஏமாந்தவர்களின் எண்களைக் கைமாற்றுவது இந்தத் தொழிலில் வழக்கம்.