இத்தாலிய பாதாம் பிஸ்கட்: மென்மையான அமரெட்டியை வீட்டில் செய்வது எப்படி?

இத்தாலிய மொழியில் 'அமாரோ' என்றால் கசப்பு. இனிப்புப் பாதாமோடு கொஞ்சம் கசப்புப் பாதாமும் சேர்த்துச் செய்ததால் இந்தப் பிஸ்கட்டுக்கு அமரெட்டி என்று பெயர் வந்தது. லொம்பார்டியில் உள்ள சரோன்னோ ஊரின் அமரெட்டி மொறுமொறுவென்று இருக்கும், கடித்ததும் பொடிந்துவிடும். லிகூரியாவின் சசெல்லோவிலும் சார்டீனியாத் தீவிலும் செய்வது வேறு வகை. அதன் மேல்தோல் வெடித்து மெல்லிய ஓடு போல இருக்கும், உள்ளே மெத்தென்று ஈரப்பதத்தோடு இருக்கும். இங்கே சொல்வது இந்த இரண்டாவது வகை. வீட்டு ஓவனில் நம்பிச் செய்யலாம்.

இதில் கோதுமை மாவு, வெண்ணெய், பேக்கிங் பவுடர் எதுவும் கிடையாது. மாவு இருந்தால் கூடுதல் ஈரத்தைக் கொஞ்சமாவது இழுத்துக்கொள்ளும். இதில் அப்படி எதுவும் இல்லாததால், ஒரு தேக்கரண்டி ஈரம் கூடினாலே உருண்டை பரந்து தட்டையாகிவிடும். பாதாமை உலர்த்துவது, வெள்ளைக்கருவை எடை போடுவது, உருண்டைகளைக் காயவிடுவது எல்லாமே ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான்.

தேவையானவை (சுமார் 25 பிஸ்கட்டுக்கு)

தோல் நீக்கிய பாதாம் 250 கிராம்
சர்க்கரை 200 கிராம்
முட்டை வெள்ளைக்கரு 65 முதல் 70 கிராம் (பெரிய முட்டை என்றால் 2)
பாதாம் எசென்ஸ் அரை தேக்கரண்டி
ஒரு எலுமிச்சையின் தோல் துருவல், மஞ்சள் பகுதி மட்டும்
உப்பு ஒரு சிட்டிகை
உருட்டி எடுக்க: சர்க்கரை 50 கிராம், ஐசிங் சர்க்கரை 80 கிராம்

கப் அளவு இதற்குச் சரிப்படாது. பாதாம் பொடியை அழுத்தி நிரப்பினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் ஒரு எடை. சமையலறைத் தராசு கட்டாயம் வேண்டும்.

கசப்புப் பாதாமைத் தேடி அலைய வேண்டாம். அதில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. பருப்பை நொறுக்கி ஈரம் பட்டதும் அது சிதைந்து, பென்சால்டிஹைடையும் ஹைட்ரஜன் சயனைடையும் வெளிவிடுகிறது. முதலாவதுதான் அமரெட்டியின் வாசனை, இரண்டாவது கொடிய விஷம். ஆப்ரிகாட் கொட்டைக்குள் இருக்கும் பருப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நல்ல பாதாம் எசென்ஸில் அந்த வாசனை மட்டும் இருக்கிறது, அது போதும். ஆனால் அரை தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் மருந்து வாடை வந்துவிடும். எசென்ஸுக்குப் பதில் அமரெட்டோ மதுவை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. அதே வாசனை வரவேண்டுமானால் பல தேக்கரண்டி ஊற்ற வேண்டியிருக்கும், மாவு கூழாகிவிடும்.

பாதாமைத் தயார் செய்வது

கடையில் விற்கும் பாதாம் மாவிலும் செய்யலாம். ஆனால் அது மிக நைசாக இருப்பதால் பிஸ்கட்டின் உட்புறம் பசை போல ஒரே சீராக அமைந்துவிடும். முழுப் பாதாமை நாமே பொடித்தால், மெல்லும்போது சின்னச் சின்னப் பருக்கைகள் நாக்கில் தட்டுப்படும். அந்தச் சுவைக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

தோலோடு இருக்கும் பாதாம் 270 கிராம் எடுத்து, கொதிக்கும் நீரில் போட்டு ஒரு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் பருப்பு நழுவி வெளியே வரும். அதிக நேரம் ஊறவிட்டால் பருப்பே நீரைக் குடித்துவிடும். தோல் உரித்த பாதாமைத் துணியில் துடைத்து, 100 டிகிரி செல்சியஸ் ஓவனில் 15 முதல் 20 நிமிடம் உலர்த்துங்கள். நிறம் மாறக் கூடாது. ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். 'டக்'கென்று முறிந்தால் சரி, வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிறகு முழுவதுமாக ஆறவிடுங்கள். சூடாக அரைத்தால் எண்ணெய் கக்கும்.

200 கிராம் சர்க்கரையில் பாதியைப் பாதாமோடு சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டிப் பொடியுங்கள். ஒவ்வொரு தடவையும் 2, 3 வினாடி போதும், நடுநடுவே ஓரங்களை வழித்துவிடுங்கள். சர்க்கரை, கசியும் எண்ணெயை இழுத்துக்கொண்டு பொடி கட்டியாகாமல் பார்த்துக்கொள்ளும். மெல்லிய ரவை பதத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தால் உதிர வேண்டும். விரலில் பளபளப்பாக எண்ணெய் படிந்தால் அளவுக்கு மீறி அரைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தப் பொடியில் செய்தால் பிஸ்கட் கனமாக, அடியில் எண்ணெய் கசிந்து வரும்.

மாவு சேர்ப்பது

பொடியோடு மீதிச் சர்க்கரை, உப்பு, எலுமிச்சைத் தோல் துருவலைச் சேர்த்துக் கலந்துகொள்ளுங்கள். துருவலை முதலில் சர்க்கரையோடு விரலால் கசக்கிவிட்டால் வாசனை நன்றாக ஏறும்.

வெள்ளைக்கருவை 70 கிராம் அளந்து, நுரைத்து வெளுக்கும் வரை மட்டும் அடியுங்கள். கரண்டியைத் தூக்கினால் நுரை வழிந்து விழ வேண்டும். கெட்டியாக, முனை நிற்கும்படி அடிப்பது மொறுமொறுப்பு வகைக்கு. மென்மையான வகைக்கு அவ்வளவு காற்று ஏறினால் உள்ளே பொள்ளலாகி, ஆறியதும் அமுங்கிவிடும்.

வெள்ளைக்கருவில் முக்கால் பங்கையும் எசென்ஸையும் பொடியில் ஊற்றி அழுத்திக் கலந்து, மீதியை ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சேருங்கள். எல்லாம் தேவைப்படாமல் போகலாம். பாதாமின் உலர்ச்சியைப் பொறுத்து இது மாறும், அதனால் எடையைவிடக் கைப்பதமே கடைசி முடிவு. சிறிது மாவை ஈரக் கையில் உருட்டிப் பாருங்கள். உள்ளங்கையில் லேசாக ஒட்டி, உருண்டையாகவே நிற்க வேண்டும். கீழே வைத்த ஒரு நிமிடத்தில் அடி பரந்தால் ஈரம் அதிகம், 2 தேக்கரண்டி பாதாம் பொடி சேருங்கள். உருட்டும்போதே ஓரம் பிளந்தால் ஈரம் போதவில்லை.

மாவை மூடி அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பாதாம் ஈரத்தை இழுத்து இறுகும், உருட்டவும் எளிது.

உருட்டி, காயவைத்து, சுடுவது

மாவை 20 கிராம் உருண்டைகளாகப் பிடியுங்கள். எல்லாம் ஒரே எடையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சிறியவை காய்ந்து பெரியவை வேகாமல் நிற்கும். முதலில் சாதாரணச் சர்க்கரையில் புரட்டி, பிறகு சலித்த ஐசிங் சர்க்கரையில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை புரட்டுங்கள். நேரடியாக ஐசிங் சர்க்கரையில் போட்டால் மாவின் ஈரத்தில் அது கரைந்து, சுட்டதும் திட்டுத்திட்டாக மறைந்துவிடும். உள்ளே இருக்கும் சாதாரணச் சர்க்கரைதான் அதைத் தடுக்கிறது. பட்டர் பேப்பர் விரித்த தட்டில் 3 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே லேசாக அழுத்துங்கள். சார்டீனியாவில் செய்வது போல நடுவில் ஒரு முழுப் பாதாமையும் பதிக்கலாம்.

அடுத்த படியைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தட்டை மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க வையுங்கள். உருண்டையின் மேல் ஒரு காய்ந்த தோல் உருவாகும். ஓவனில் உள்ளே இருக்கும் மாவு விரியும்போது அந்தத் தோல் நீள முடியாமல் பிளந்துகொள்ளும். அமரெட்டியின் அழகான வெடிப்பு அப்படித்தான் வருகிறது. தோல் காயாவிட்டால் மேற்பரப்பும் சேர்ந்து விரிந்து, வெடிப்பே இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும்.

மேலும் கீழும் சூடு வரும் அமைப்பில் ஓவனை 160 டிகிரிக்குச் சூடாக்கி, நடுத்தட்டில் வைத்து 18 முதல் 22 நிமிடம் சுடுங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 145 டிகிரி போதும். நேரத்தைவிட வெடிப்புகளைக் கவனியுங்கள். பாதி நேரத்தைத் தாண்டியதும் வெள்ளை மேற்பரப்பில் கோடுகள் திறக்கும், முதலில் ஈரமாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு மங்கி, பிளவுக்குள் இளம் பொன்னிறம் தட்டும்போது எடுத்துவிடுங்கள். ஓரத்தைத் தொட்டால் பிஸ்கட் இன்னும் அமுங்கும். வேகவில்லையோ என்று பயந்து மேலும் 5 நிமிடம் விட்டால், ஆறியபின் பல்லுக்குச் சோதனைதான். சர்க்கரை ஆறும்போதுதான் இறுகும் என்பதால் தட்டிலேயே 10 நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள்.

அடி மட்டும் கருகினால், கீழே இன்னொரு காலித் தட்டைச் சேர்த்து இரட்டைத் தட்டாக வையுங்கள். எல்லா உருண்டையும் பரந்து ஒன்றோடொன்று ஒட்டினால் ஈரம் ஒரு காரணம், சரியாகச் சூடேறாத ஓவன் இன்னொரு காரணம். சுட்ட பிறகு நாக்கில் சிக்கு வாடை அடித்தால் பாதாம் பழையது. அரைப்பதற்கு முன் ஒன்றை மென்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

முழுவதும் ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் வரை மென்மை குறையாது. சுட்ட அன்றைவிட மறுநாள் சுவை கூடும், ஈரம் உள்ளே சமமாகப் பரவிவிடும்.

கெட்டியாகிப் போனவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். பியட்மான்ட் பகுதியில் உலர்ந்த அமரெட்டியை நொறுக்கி பீச் பழத்துக்குள் வைத்துச் சுடுவார்கள். 4 பழத்தை இரண்டாக வெட்டிக் கொட்டையை எடுத்து, குழியைச் சற்றுப் பெரிதாக்குங்கள். தோண்டிய சதையோடு 100 கிராம் அமரெட்டித் தூள், ஒரு மேசைக்கரண்டி கோகோ, ஒரு மஞ்சள் கரு கலந்து நிரப்பி, 180 டிகிரியில் பழம் குழையும் வரை, சுமார் 40 நிமிடம் சுடுங்கள். வெள்ளைக்கரு எடுத்த பின் மீந்த மஞ்சள் கருவில் ஒன்று இதற்கு உதவும்.