பூச்செடி ஓரக்கட்டுக்குக் கம்பி வேண்டுமா? என் அனுபவம்

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீடு. முன்பக்கச் செடிகளைச் சுற்றி இருந்த கான்கிரீட் ஓரக்கட்டு நீளவாக்கில் வெடித்திருந்தது. உடைத்துப் பார்த்தால், உள்ளே 6 எம்எம் கம்பி துருவேறி அப்பளமாக உதிர்ந்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்தால், மேலே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைத்துவிடும்.

புதிதாகப் போட வந்த கொத்தனார், "இந்தத் தடவை 8 எம்எம் போட்டுருவோம்ணே" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலோரத்துக்கு ஐஎஸ் 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி) சொல்லும் கவர், அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் கனம், 45 எம்எம். நம் கட்டின் அகலமோ 100 எம்எம். இரண்டு பக்கமும் கவர் போக மிச்சம் 10 எம்எம்தான். அந்த இடுக்கில் கம்பியை நேராக நிறுத்துவது நடக்கிற காரியமா? எடை தாங்காத அலங்காரக் கட்டுக்கு இது தேவையே இல்லை.

அதனால் கம்பியை விட்டுவிட்டோம். அடி மணலை நனைத்து நன்றாகத் திம்சு போட்டு, கலவையில் பாலிபுரொப்பிலீன் ஃபைபர் (மெல்லிய பிளாஸ்டிக் இழை) சேர்த்தோம். சுருங்கும்போது விழும் மயிர்விரிசலை அது குறைக்கும். மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட், அதாவது குறுக்கே ஒரு வெட்டுக்கோடு, உயரத்தில் கால்வாசி ஆழத்துக்கு. விரிசல் விழுந்தாலும் அந்தக் கோட்டிலேயே விழட்டும்.

கேட்டருகே கார் ஏறும் இடம் மட்டும் வேறு கதை. அங்கே அகலத்தையும் ஆழத்தையும் கூட்டி, கவர் பிளாக் (கவர் குறையாமல் கம்பியைத் தாங்கும் சின்னக் கட்டை) வைத்துக் கம்பி போட்டோம்.

அப்புறம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கலவைக்கும் நனைப்புக்கும் நல்ல தண்ணீர் லாரிதான்.