அறுபது மாணவர்களுக்கு ஒரே ஓட்டத்தில் லினக்ஸ் கணக்கு: ஷெல் ஸ்கிரிப்ட், படிப்படியாக

கல்லூரி லேபில் ஒரு உபுண்டு சர்வர் இருக்கிறது, புதிதாக 60 மாணவர்கள் வந்திருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு வேண்டும். கையால் திறந்தால் ஆளுக்கு 2 நிமிடம் என்றாலும் 2 மணி நேரம் போய்விடும், அதுகூடப் பரவாயில்லை, நடுவில் யாரை விட்டோம் யாருக்கு இரண்டு தடவை தட்டினோம் என்பதுதான் தெரியாமல் போகும். இந்த வேலையைத்தான் ஸ்கிரிப்டிடம், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு ஃபைலிடம், கொடுக்கப் போகிறோம்.

தொடங்கும் முன் ஒன்று. கட்டளைகளை நாம் வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும், பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் நானே சொல்லிவிடுகிறேன். நகலெடுத்து ஒட்ட முடியாது என்பது நல்லதுதான், ஏனென்றால் ரூட் (சர்வரில் எதையும் செய்யக்கூடிய நிர்வாகக் கணக்கு) அதிகாரத்தோடு ஓடப்போகும் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தெரியாமல் ஓட்டவே கூடாது. பழகுவதற்கு உண்மையான சர்வரைத் தொடாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஒரு உபுண்டு போட்டு, பழைய நிலைக்குத் திரும்புவதற்காக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அதில் விளையாடுங்கள்.

கணக்கு என்பது ஒரு வரி

எட்சி டைரக்டரிக்குள் பாஸ்டபிள்யூடி என்று ஒரு ஃபைல் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள், ஆளுக்கு ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் முக்காற்புள்ளியால் பிரித்த 7 பகுதிகள்:

கவிதா:எக்ஸ்:1001:1001:கவிதா ஆர்:/ஹோம்/கவிதா:/பின்/பாஷ்

பயனர் பெயர், பிறகு ஒரு எக்ஸ், பயனர் எண், குழு எண், முழுப்பெயர், ஹோம் டைரக்டரி, ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்). அந்த எக்ஸ் இருக்கும் இடத்தில் பழைய காலத்தில் பாஸ்வேர்டின் ஹேஷ் (திரும்பப் பாஸ்வேர்டாக மாற்ற முடியாத உருமாறிய வடிவம்) இருந்தது. இப்போது அது ஷேடோ என்ற வேறு ஃபைலில் இருக்கிறது, சாதாரணப் பயனர்கள் அதைப் படிக்க முடியாது. எண்களில் ரூட்டுக்கு 0, நம்மைப் போன்ற மனிதர்களுக்கு உபுண்டுவில் 1000 முதல். கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, கவிதாவைத் தெரியாது, 1001ஐத்தான் தெரியும். இதை மனதில் வையுங்கள், கணக்கை அழிக்கும் இடத்தில் இது திரும்ப வரும்.

முதலில் ஒரே ஒரு ஆளுக்கு

சூடோ யூஸர்ஆட் -எம் -எஸ் /பின்/பாஷ் -சி "கவிதா ஆர்" கவிதா

இதில் சூடோ என்பது கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது. எம் என்பது ஹோம் டைரக்டரியை உருவாக்கச் சொல்வது. உபுண்டுவில் இதை விட்டுவிட்டால் கணக்கு இருக்கும், வீடு இருக்காது. சி என்பது முழுப்பெயர். எஸ் என்பது ஷெல். அதை விட்டால் வழக்கமாக வெறும் எஸ்எச் கிடைக்கும், மாணவர் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வருவதற்குப் பதிலாகத் திரையில் ஏதோ குறிகள் வந்து விழும், உடனே கீபோர்டு கெட்டுவிட்டது என்று உங்களிடம் ஓடி வருவார். யூஸர்ஆட் என்பதற்குப் பதில் சொற்களை மாற்றிப்போட்டு ஆட்யூஸர் என்றும் ஒரு கட்டளை உண்டு. உபுண்டுவில் அது கேள்வி கேட்டுக் கேட்டு வேலை செய்யும், ஒருவருக்கு வசதி, ஸ்கிரிப்டுக்குள் யூஸர்ஆட்தான் சரி.

அடுத்து பாஸ்வேர்டு. யூஸர்ஆடிலேயே -பி என்று ஒரு வழி இருக்கிறது, அதை எடுக்காதீர்கள். அதற்கு நேரடி பாஸ்வேர்டு அல்ல, ஹேஷ்தான் வேண்டும், போதாததற்கு அந்த நொடியில் பிஎஸ் கட்டளை (ஓடும் வேலைகளைக் காட்டுவது) ஓட்டும் யாருக்கும் அது தெரியக்கூடும். பயனர் பெயர், முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு என்று ஒரு வரியை எக்கோ கட்டளையால் வெளியிட்டு, பைப் (| குறி, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுப்பது) வழியாக சிஎச்பாஸ்டபிள்யூடி கட்டளைக்கு அனுப்புவதுதான் வழி. கடைசியாக சேஜ் -டி 0 கவிதா. சேஜ் என்பதை சி, எச், ஏ, ஜி, இ என்று தட்ட வேண்டும். இதைக் கொடுத்தால் முதல் தடவை உள்ளே வரும்போதே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கேட்கும், நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டு அத்தோடு செத்துவிடும்.

பட்டியல்தான் வில்லங்கம்

கட்டளைகள் சுலபம். தப்பு நடப்பது எல்லாம் பட்டியலில்தான் என்பது என் அனுபவம், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பட்டியல் காற்புள்ளியால் பிரித்த 3 பகுதிகளாக இருக்கட்டும்: பயனர் பெயர், முழுப்பெயர், குழு. பயனர் பெயராக பதிவு எண்ணையே வைப்பது நல்ல வழக்கம், ஒரே பெயரில் நாலு கார்த்திக் இருப்பார்கள். ஆனால் வெறும் எண்ணாக வைக்காதீர்கள், பயனர் எண்ணோடு குழம்பும். முன்னால் ஒரு சின்ன எழுத்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் இதை ஓட்டியபோது பட்டியல் அலுவலகத்தில் விண்டோஸ் கணினியில் தயாரானது. ஓட்டினால் ஒரு கணக்குகூடத் திறக்கவில்லை, வந்த பிழைச் செய்தியோ படிக்கவே முடியாதபடி இருந்தது, வாக்கியத்தின் வால் பகுதி வரியின் தொடக்கத்தில் ஏறி உட்கார்ந்து, 'அப்படி இல்லை' என்ற சொற்களோடு குழுவின் பெயர் ஒட்டிக்கொண்டு நின்றது. அரைநாள் போனது. காரணம் இதுதான்: விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எழுத்தையும் சேர்த்து வைக்கும், கர்சரை வரியின் தொடக்கத்துக்குத் தள்ளும் எழுத்து அது. அது கடைசிப் பகுதியான குழுவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. லேப்1 என்ற குழு இருந்தது, லேப்1 கூட்டல் அந்த எழுத்து என்று ஒரு குழு இல்லை.

ஆகவே பட்டியல் கைக்கு வந்ததும் கேட் கட்டளையை -ஏ போட்டு ஓட்டிப் பாருங்கள், அந்த ஏ பெரிய எழுத்து. ஒவ்வொரு வரியும் டாலர் குறியோடு முடிந்தால் சுத்தம். டாலருக்கு முன்னால் கூரைக் குறியும் பெரிய எம்மும் தெரிந்தால் விண்டோஸ் எழுத்து இருக்கிறது என்று அர்த்தம், டாஸ்2யூனிக்ஸ் கட்டளையால் நீக்கிவிடலாம். கடைசி வரியில் டாலரே இல்லையா? அப்படியானால் அந்த வரி முடியாமல் நிற்கிறது, கவனிக்காமல் விட்டால் உங்கள் ஸ்கிரிப்ட் 59 பேரோடு நின்றுவிடும், 60வது மாணவர் விடுபடுவார்.

ஸ்கிரிப்டை எழுதுவோம்

புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து முதல் வரியில் #!/பின்/பாஷ். மாறிகளின் பெயரையும் ஆங்கிலத்திலேயே வையுங்கள், பாஷ் வேறு எழுத்தை ஏற்காது.

அடுத்து யூமாஸ்க் 077. பாஸ்வேர்டுகள் எழுதப்போகும் ஃபைலை உங்களைத் தவிர யாரும் திறக்கக் கூடாது, அதற்காக. ஆனால் அந்த ஃபைல் முன்பே இருந்தால் யூமாஸ்க் அதை மாற்றாது, எனவே புதுப் பெயரில் தொடங்குங்கள்.

பிறகு குரூப்ஆட் -எஃப் லேப்1. எஃப் இருப்பதால் குழு ஏற்கனவே இருந்தாலும் சண்டை போடாமல் நகர்ந்துவிடும்.

இனி வளையம். வொய்ல் போட்டு, பெரிய எழுத்தில் ஐஎஃப்எஸ் என்று எழுதி சமக்குறியும் காற்புள்ளியும் வைத்து, ரீட் -ஆர், அதன்பின் மூன்று மாறிகள், அடுத்த வரியில் டூ. வளையத்தின் முடிவில் டன், அதை அடுத்து < குறி போட்டுப் பட்டியல் ஃபைலின் பெயர். இதனால் வரி ஒவ்வொன்றும் காற்புள்ளி இருக்கும் இடத்தில் உடைந்து மூன்று மாறிகளில் போய் உட்காரும்.

வளையத்துக்குள் முதல் வேலை, இந்தப் பெயரில் ஆள் ஏற்கனவே இருக்கிறாரா என்று ஐடி கட்டளையால் கேட்பது. இருந்தால் பெயரைத் திரையில் காட்டிவிட்டு கண்டின்யூ, அதாவது அடுத்த வரிக்குப் போகச் சொல்வது. இந்தச் சோதனை ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டத் தகுந்ததாக ஆக்குகிறது. 37வது ஆளில் மின்சாரம் போனாலும் திரும்ப ஓட்டலாம், கடைசியாகத் திறந்த கணக்குக்கு பாஸ்வேர்டு பதிந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இதுவும் பின்னால் வரும் இன்னொரு கண்டின்யூவும் இல்லாமல் விட்டால் பழைய ஆட்களின் பாஸ்வேர்டை எல்லாம் உங்கள் ஸ்கிரிப்ட் மறுபடி மாற்றி வைக்கும்.

ஆள் இல்லை என்றால் யூஸர்ஆட், இப்போது பெயருக்குப் பதில் மாறிகளோடு, குழுவுக்காகப் பெரிய எழுத்தில் -ஜி சேர்த்து. மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மறக்காதீர்கள். முழுப்பெயரில் இடைவெளி இருக்கிறது, மேற்கோள் இல்லாவிட்டால் கவிதா ஒரு பகுதி, ஆர் இன்னொரு பகுதி என்று பிரிந்து, யூஸர்ஆட் ஒன்றும் புரியாமல் தன் உதவிப் பக்கத்தைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். யூஸர்ஆட் தோற்றால் அந்த ஆளை விட்டு அடுத்தவருக்குப் போகும்படி அங்கேயும் ஒரு கண்டின்யூ.

வெற்றி என்றால் ஓப்பன்எஸ்எஸ்எல் ராண்ட் -பேஸ்64 12. இது 16 எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு தரும். அதை ஒரு மாறியில் பிடித்து சிஎச்பாஸ்டபிள்யூடிக்கு அனுப்பி, சேஜ் -டி 0 போட்டு, பெயரையும் பாஸ்வேர்டையும் வெளியீட்டு ஃபைலில் ஒரு வரியாக >> குறியால் சேருங்கள். ஒற்றை > போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பழையது அழிந்து கடைசி ஆள் மட்டும் மிஞ்சுவார்.

ஓட்டும் முன் ஒத்திகை. பாஷ் -என் என்று எழுதி ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தால் எதையும் ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் சரிபார்க்கும். பிறகு ஒரு பிரதியை எடுத்து, அதில் யூஸர்ஆடுக்கு முன்னால் எக்கோ போட்டு, பாஸ்வேர்டு வரிகளை # வைத்து முடக்கி ஓட்டுங்கள். 60 வரிகள் திரையில் வரும். எண்ணுங்கள். சரி என்றால், 2 பேர் மட்டும் உள்ள பட்டியலோடு உண்மையாக ஓட்டி, அந்தக் கணக்கில் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள்.

பின்னாளில் ஒருவரை இன்னொரு குழுவில் சேர்க்க யூஸர்மாட் -ஏஜி, அதில் ஜி பெரிய எழுத்து. அந்த ஏ விட்டுப்போனால் அவர் மற்றக் கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிடுவார். சூடோ குழுவில் இருக்கும் ஒரே ஆளுக்கு இதைச் செய்தால் சிரமம் தெரியும்.

படிப்பு முடிந்து போகும்போது

உடனே அழிக்காதீர்கள். முதலில் யூஸர்மாட் -எல், பெரிய எழுத்து எல். இது ஷேடோ ஃபைலில் ஹேஷுக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறியை வைக்கும், அவ்வளவுதான். எஸ்எஸ்எச் சாவி (தொலைவிலிருந்து உள்ளே வரப் பாஸ்வேர்டுக்குப் பதிலாக உதவும் ஃபைல்) வைத்திருக்கும் மாணவர் பாஸ்வேர்டே கேட்காமல் இன்னமும் உள்ளே வரலாம். அதனால் கூடவே சேஜ் பெரிய எழுத்து -இ 0 போட்டுக் கணக்கையே காலாவதியாக்குங்கள். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய வேலைகளை பிகில் -யூ நிறுத்தும்.

அப்புறம் ஹோமை டார் கட்டளையால் ஒரே ஃபைலாகக் கட்டி பத்திரப்படுத்திவிட்டு, ஃபைண்ட் / -யூஸர் கொடுத்து ஹோமுக்கு வெளியே அவர் பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். யூஸர்டெல் -ஆர் ஹோமையும் மெயிலையும்தான் அழிக்கும், மற்ற இடங்களில் கிடக்கும் ஃபைல்கள் 1060 என்ற வெறும் எண்ணோடு அப்படியே நிற்கும். அவர்தான் பட்டியலின் கடைசி ஆள் என்றால், அடுத்து நீங்கள் திறக்கும் புதிய கணக்குக்கு அதே 1060 கிடைக்கும், முன்பின் தெரியாத ஒருவரின் ஃபைல்கள் புதிய மாணவருக்குச் சொந்தமாகிவிடும். அதனால் யூஸர்டெல் ஓட்டிய கையோடு ஃபைண்ட் / -நோயூஸர் (சொந்தக்காரர் இல்லாத ஃபைல்களைக் காட்டுவது) ஓட்டி, அதில் ஒன்றும் வராத பிறகே புதிய கணக்கைத் திறங்கள்.