லாயத்தில் தானியங்கி நீர்க்கிண்ணம் பொருத்தலாமா? மலைநாட்டுக் குதிரை வளர்ப்போருக்கான வழிகாட்டி

450 முதல் 500 கிலோ வரை எடையுள்ள குதிரை, வேலையில்லாமல் லாயத்தில் நின்று காய்ந்த புல் தின்னும் நாளில் ஏறத்தாழ 25 முதல் 45 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். அத்தகைய 10 குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 400 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 20 லீற்றர் வாளியில் 20 நடை நடக்க வேண்டும். நுவரெலியாவின் விடியற்காலைப் பனியில், விறைத்த கைகளோடு, ஒருவர் 400 கிலோவைத் தூக்கிச் சுமக்கிறார் என்பதே இதன் பொருள். குழாயோடு இணைந்து, குதிரை குடிக்கக் குடிக்கத் தானாக நிரம்பும் தானியங்கி நீர்க்கிண்ணம் வாங்கலாம் என்ற யோசனை பெரும்பாலும் இந்தக் கைவலியிலிருந்துதான் பிறக்கிறது, அது நியாயமான யோசனையும்கூட. ஆயினும் வாளி தூக்குகிறவர் இன்னொரு வேலையையும் தன்னை அறியாமலே செய்துவருகிறார்: நேற்றிரவு வைத்த தண்ணீரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை ஒவ்வொரு குதிரையிடமும் பார்த்துவிடுகிறார். கிண்ணம் வந்த நாளோடு அந்தப் பார்வை நின்றுபோகும். அதை வேறு எந்த வழியில் ஈடுசெய்யப் போகிறோம் என்பதற்கு விடை வைத்துக்கொண்ட பிறகே பணத்தைச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து.

வாளியில் இரண்டு வாரம் அளத்தல்

கடைக்குப் போவதற்கு முன் இரண்டு வாரம் அளந்து பாருங்கள். வாளியின் உட்புறத்தில் ஒவ்வொரு லீற்றருக்கும் அழியாத மையால் கோடிட்டு, குதிரை ஒன்றுக்கு இரண்டு வாளிகள் வைத்து, காலையும் மாலையும் எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். குதிரை வாளியைத் தட்டிக் கவிழ்த்திருந்தால் அந்த நேரத்துக் கணக்கை விட்டுவிடலாம். என்ன தீனி, எவ்வளவு வேலை, மழையா வெயிலா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இவை இல்லாத எண் பின்னர் ஒப்பிடுவதற்கு உதவாது.

100 கிலோ உடல் எடைக்கு 5 லீற்றர் என்பது பொதுவான மதிப்பீடு. நுவரெலியாவின் கிறகரி வாவிக் கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வது போன்ற 250 கிலோ மட்டக்குதிரைக்கு இந்தக் கணக்கில் 12 லீற்றருக்குச் சற்று மேல் வரும். ஆனால் பகலெல்லாம் பச்சைப் புல் மேய்ந்துவிட்டு வரும் குதிரை வாளியில் இதைவிட மிகக் குறைவாகவே குடிக்கும், ஏனெனில் பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதே குதிரையைத் தொடர்மழைக் காலத்தில் உள்ளே கட்டிக் காய்ந்த புல்லும் தவிடும் கொடுத்தால் குடிக்கும் அளவு வெகுவாக ஏறும். பால் கொடுக்கும் பெண் குதிரைக்கும், பந்தயப் பயிற்சியில் வியர்த்துவரும் குதிரைக்கும் வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்குகூடத் தேவைப்படலாம்.

இவ்வளவு நுணுக்கமாக அளக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போதிய தண்ணீர் குடிக்காத குதிரையின் பெருங்குடலில் காய்ந்த தீனி இறுகி அடைத்துக்கொள்வதால் வரும் வயிற்றுவலி உயிரையே பறிக்கக்கூடியது. அது ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. சாண உருண்டைகள் சிறுத்துக் காய்ந்து எண்ணிக்கையிலும் குறைவது, ஈறு பிசுபிசுத்துக் காய்வது, தீனியில் பாதியை விட்டுவிடுவது என்று முன்னறிகுறிகள் வரும். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னதாகவே வாளியில் தண்ணீர் மிஞ்சத் தொடங்கியிருக்கும்.

குளிரையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாத விடியற்காலைகளில் தரையில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்து கருகுவதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். தண்ணீர் உறைநிலையை நெருங்கும் அளவுக்குக் குளிர்ந்தால் குதிரை குடிப்பதைக் குறைத்துவிடும். நிறைந்த வாளியைவிட, இரண்டு மூன்று லீற்றர் மட்டுமே கொள்ளும் கிண்ணம் விரைவில் குளிர்ந்துபோகும். வாளியாக இருந்தால் ஒரு கேத்தல் வெந்நீரைக் கலந்துவிடலாம். சுவரோடு பொருத்திய கிண்ணத்தில் அதற்கு வழியில்லை. வெளிச்சுவரில் ஓடும் குழாயை மண்ணுக்குள் புதைப்பதோ, உறையிட்டு மூடுவதோ ஓரளவு உதவும்.

தண்ணீர் வரும் வழி

நகரத்துக் குழாய்நீர் உள்ளவர்கள் இந்தப் பகுதியை விரைவாகக் கடக்கலாம். தோட்டப்புறங்களில் பெரும்பாலான லாயங்களுக்கு மலையூற்றுத் தண்ணீர்தான், அதாவது பீலித் தண்ணீரோ, ஊற்றிலிருந்து குழாய்வழி இறங்கித் தாங்கியில் சேரும் தண்ணீரோதான். இங்கே நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஊற்றை வேறு யார் நம்பியிருக்கிறார்கள் என்பது. நம் பேச்சில் குதிரை நிற்பது லாயம், மனிதர் குடியிருப்பது லயம். எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம், குழாயிலோ பல இடங்களில் அந்த வித்தியாசமும் இல்லை. தை முதல் பங்குனி வரை ஊற்று மெலியும் காலத்தில், லாயத்துக் கிண்ணம் ஒன்றில் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை சிக்கி இரவெல்லாம் ஒழுகினால், காலையில் லயத்துப் பெண்கள் குடத்தோடு வரும்போது தாங்கி வெறுமையாக இருக்கும். எனவே லாயத்துக்கெனத் தனியாக ஒரு சிறு தாங்கி வைத்து, ஒரு நாள் தேவையும் அதில் பாதியும் கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கே ஒழுகினாலும் அந்தத் தாங்கியோடு இழப்பு நிற்க, அது வெறுமையானதும் பிரதான தாங்கியிலிருந்து தானாக நிரம்பாதபடி கையால் திறக்கும் வால்வையே வைக்க வேண்டும். இது தானியங்கியின் வசதியில் கொஞ்சத்தைப் பறிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அண்டை அயலோடு மனக்கசப்பு வருவதைவிட அது மேல்.

இரண்டாவது, அழுத்தம். தாங்கிக்கும் கிண்ணத்துக்கும் இடையே 10 மீற்றர் உயர வேறுபாடு இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். லாயக் கூரையின் மேல் 3 மீற்றர் உயரத்தில் தாங்கி வைத்தால் 0.3 பார்தான். மலைச்சரிவில் 40 மீற்றர் மேலேயுள்ள ஊற்றிலிருந்து நேரே குழாய் இறக்கினால் 4 பார் வரும், அப்போது தண்ணீர் சீறும் ஓசைக்கே குதிரை மிரண்டு விலகும். மிதவை வால்வுகள் குறைந்த அழுத்தத்துக்கு ஒரு வகை, உயர்ந்த அழுத்தத்துக்கு வேறு வகை என்று வருகின்றன. எதை வாங்குகிறோம் என்று கேட்டு வாங்க வேண்டும். சரிவு கூடிய இடங்களில் நடுவே ஒரு திறந்த தாங்கி வைத்து அழுத்தத்தை முறித்து, அங்கிருந்து லாயத்துக்குக் கொண்டுவருவதே சிக்கல் குறைந்த ஏற்பாடு.

மூன்றாவது, ஓட்டம். இதைச் சோதிக்கக் கைக்கடிகாரமும் வாளியும் போதும். குழாயை முழுவதுமாகத் திறந்து 20 லீற்றர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இரண்டரை நிமிடத்துக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 8 லீற்றர், அது போதுமான ஓட்டம். இந்தச் சோதனையை ஒரேயொரு குழாயைத் திறந்து செய்தால் ஏமாந்துபோவீர்கள். தீனி வைத்த பிறகு குதிரைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குடிக்க வரும். ஆகவே மூன்று நான்கு குழாய்களைச் சேர்த்துத் திறந்து, கடைசிக் குழாயில் அளக்க வேண்டும். நீண்ட தூரம் அரை அங்குலக் குழாயில் கொண்டுவந்த இடங்களில் பெரும்பாலும் இங்கேதான் குறை தெரியவரும்.

நான்காவது, கலங்கல். வைகாசியில் தென்மேல் பருவமழை இறங்கியதும் ஊற்றுநீரில் மணலும் இலைச்சருகும் சேர்ந்து வரும். வாளிக்கு அது பெரிய தொல்லையில்லை. மிதவை வால்வின் சிறு துளைக்கோ ஒரு சருகுத் துணுக்கே போதும், ஒன்று தண்ணீர் வராது, அல்லது நிற்காது. நான் பார்த்த ஒரு லாயத்தில் இரவில் வால்வு மூடாமல் நின்று, விடியும்போது குதிரை கணுக்கால் அளவு சேற்றில் நின்றது. படுக்கை வைக்கோல் முழுவதையும் அள்ளி வெளியே கொட்ட வேண்டியிருந்தது. ஈரம் உலராத இந்தக் காலநிலையில் குளம்படி அழுகலுக்கு அதைவிட நல்ல விருந்து வேண்டியதில்லை. தாங்கியின் வாயிலில் கழுவக்கூடிய வடிகட்டி வைத்து, மழைக்காலத்தில் வாரம் இருமுறையாவது அதைத் திறந்து பார்க்க ஆள் ஒருவரை நியமிக்க முடியாவிட்டால் இந்த யோசனையை இத்தோடு விட்டுவிடலாம்.

மின்மோட்டாரால் தண்ணீர் ஏற்றும் லாயங்களுக்கு இன்னொரு சொல்: 2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்க வேண்டாம். மேல்தாங்கியில் ஒன்றரை நாள் தண்ணீர் இல்லாத இடத்தில் கிண்ணத்தை மட்டும் நம்பக் கூடாது.

எந்தக் கிண்ணம், எந்த இடத்தில்

சந்தையில் இருப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, மலசலகூடத் தாங்கியில் உள்ளதைப் போன்ற மிதவை உள்ளே இருந்து நீர்மட்டத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்திருப்பது. மற்றது, குதிரை மூக்கால் ஒரு தட்டை அழுத்தும்போது மட்டும் தண்ணீர் விடுவது. இரண்டாவது வகையில் தேங்கும் தண்ணீர் குறைவு, ஆனால் கூச்சமுள்ள குதிரைகளும் குட்டிகளும் அதைக் கற்றுக்கொள்ளத் தாமதிக்கும். 2001இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், குதிரைகள் தானியங்கிக் கிண்ணங்களில் குடித்ததைவிட வாளியில் அதிகமாகக் குடித்தமை கண்டறியப்பட்டது. குதிரை மூக்கைத் தண்ணீருக்குள் ஆழ்த்தி நீண்ட மிடறுகளாக உறிஞ்சிக் குடிக்கும் பிராணி என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. மெதுவாக நிரம்பும் ஆழமற்ற கிண்ணத்தில் அது பாதியிலேயே சலித்துத் திரும்பிவிடும். எனவே அகலமும் ஆழமும் கூடிய மிதவைக் கிண்ணத்தையே நான் தெரிவு செய்வேன்.

பால்மாடு வளர்ப்பு பரவலாக உள்ள நம் பகுதியில், மாட்டுத் தொழுவத்துக்கென்று விற்கப்படும் கிண்ணத்தை மலிவென்று வாங்கி லாயத்தில் பொருத்தும் ஆசை வரும். விளிம்பு கூர்மையாகவோ, தட்டு கடினமாகவோ இருந்தால் வாங்க வேண்டாம். குதிரை தலையை உதறும் வேகத்தில் கண்ணும் உதடும் கிழியும்.

கிண்ணத்தின் அடியில் திறக்கக்கூடிய அடைப்பானும், ஒவ்வொரு குதிரையும் தனித்து நிற்கும் தடுப்புக்கும் தனித்தனியே மூடும் வால்வும் இருக்க வேண்டும். மிருக வைத்தியர் ஒரு குதிரைக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் வேளையில் லாயம் முழுவதையும் நிறுத்த நேரக் கூடாது. இவற்றோடு தடுப்புக்கு ஒன்றாகச் சிறிய நீர்மானி பொருத்துவதைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். தொடக்கத்தில் சொன்ன, வாளி தூக்குகிறவரின் பார்வைக்கு மாற்று இதுதான். தினமும் ஒரே நேரத்தில் மானியைப் பார்த்து அதே கொப்பியில் எழுத வேண்டும். திடீரென்று 60 லீற்றர் என்று காட்டினால் குதிரைக்குத் தாகம் என்று நினைத்துவிடாமல் முதலில் தரையையும் வால்வையும் தொட்டுப் பாருங்கள், ஏனெனில் மானிக்கு ஒழுக்கும் குடிப்பும் ஒன்றே. நீர்மானிக்கு வசதியில்லாத லாயம் கிண்ணத்துக்கும் இன்னும் தயாராகவில்லை என்பேன்.

இடத்தைப் பொறுத்தவரை, தீனித்தொட்டிக்கும் புல்வலைக்கும் எதிர்மூலையில், நடைபாதையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் சுவரில், குதிரையின் மார்பளவுக்குச் சற்றுக் கீழே பொருத்துங்கள். மிகத் தாழ்ந்தால் சாணம் விழும், காலும் மாட்டும். குழாயைக் குதிரையின் பல்லுக்கு எட்டாதபடி இரும்புக் குழாய்க்குள் செலுத்துவது அவசியம். இரண்டு தடுப்புகளுக்கு நடுவே ஒரே கிண்ணம் வைத்துச் செலவைப் பாதியாக்கும் உத்தியை நான் ஏற்கவில்லை. ஏப்ரல் சீசனில், 1875இல் அமைக்கப்பட்ட நுவரெலியாப் பந்தயத் திடலுக்கு வெளியூர்க் குதிரைகள் வந்துசேரும் நாட்களில், மூக்கில் சீழ் வடிந்து தாடைக்கடியில் கட்டி கட்டும் ஸ்ட்ராங்கிள்ஸ் போன்ற நோய்கள் பொதுத் தண்ணீர்வழி எளிதில் பரவும்.

ஒரு தடுப்பில் மட்டும் சோதனை

இவ்வளவும் சாதகமாக இருந்தாலும் முதலில் ஒரு தடுப்பில் மட்டும் பொருத்துங்கள், அதுவும் சாதுவான, நன்றாகத் தின்னும் குதிரைக்கு. முதல் வாரம் கிண்ணத்தோடு வாளியும் இருக்கட்டும். வாளியின் கணக்கையும் மானியின் கணக்கையும் கூட்டியே பார்க்க வேண்டும். இரண்டாம் வாரம் வாளியில் பாதியளவே ஊற்றி, மூன்றாம் வாரம் எடுத்துவிடலாம். அதே தீனியிலும் அதே வேலையிலும், முன்பு அளந்ததில் கால் பங்குக்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் குறைந்தால் வாளியைத் திரும்ப வைத்துவிடுவேன். இந்த எல்லை நான் எச்சரிக்கைக்காக வைத்துக்கொண்டது. சாணம் காய்வதைக் கண்டால் அந்த மூன்று நாளும் காத்திருக்கக் கூடாது.

கிண்ணத்தைத் தினமும் கையால் கழுவ வேண்டும். தீனித் துணுக்கு ஊறிப் புளித்த தண்ணீரைக் குதிரை மோந்துவிட்டு ஒதுக்கிவிடும். வாளி நடை மிச்சமானாலும் இந்த வேலை மிச்சமாகாது என்பதால், இரண்டு மூன்று மட்டக்குதிரைகள் மட்டும் வைத்திருப்பவருக்குக் கிண்ணம் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. அவருக்கு நல்ல வாளிகளும், லாயத்து வாசல்வரை நீட்டிய ஒரு குழாயும் போதும். எட்டு, பத்துக் குதிரைகளும், தனித் தாங்கியும், வடிகட்டியைக் கழுவ ஓர் ஆளும் உள்ள லாயத்துக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்.

கிண்ணம் பொருத்திய பிறகும் வாளி மாட்டும் கொக்கியைச் சுவரிலிருந்து கழற்றிவிடாதீர்கள். பயிற்சி முடிந்து வியர்த்து வரும் குதிரைக்கு உப்பு கலந்த தண்ணீரை வாளியில்தான் கொடுக்க முடியும், பக்கத்தில் வெறும் தண்ணீரும் இருக்க வேண்டும். லொறியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகும்போதும் வழியெல்லாம் வாளிதான், கிண்ணத்துக்கே பழகிய குதிரை அங்கே வாளியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் வாரத்தில் இரண்டு நாள் வால்வை மூடி வாளியில் தண்ணீர் வையுங்கள், வால்வைத் திரும்பத் திறக்க வேண்டியவர் யார் என்பதைக் கொப்பியில் பெயரோடு எழுதிவைத்துவிட்டு.